'வேறு வழியில்லை' என்னும் சொல்

'வேறு வழியில்லை' என்னும் சொல் நம் நாவில் வெகு எளிதாக வந்து அமர்ந்துகொள்கிறது. கையூட்டுக் கொடுப்பவர் அதைச் சொல்கிறார். பொய்க் கணக்கு எழுதுபவர் சொல்கிறார். வரதட்சிணை கேட்பவரும் கொடுப்பவரும் ஒருங்கே சொல்கிறார்கள். ஆயினும் அச்சொல் எப்போதும் சாக்குப்போக்காக மட்டும் வருவதில்லை. உண்மையிலேயே வேறு வழியற்ற நிலையில் மனிதன் செய்யும் செயலை அறநெறி இரக்கத்தோடுதான் எடைபோடுகிறது. தாவீதும் அவருடன் இருந்தவர்களும் பசித்திருந்தபோது குருக்கள் மட்டுமே உண்ணக்கூடிய அர்ப்பண அப்பங்களை உண்டதை நம் ஆண்டவரே பரிசேயருக்கு நினைவூட்டவில்லையா? தேவை சில வேளைகளில் ஓர் இசைவைப் பெற்றுத் தருகிறது.

அப்படியானால், தேவை குறைந்தபின் அந்த இசைவு என்னவாகிறது? பசி தீர்ந்த பின்னும் தாவீது நாள்தோறும் திருத்தலத்திற்குச் சென்று அதே அப்பத்தைக் கேட்டிருந்தால், நம் ஆண்டவர் அதை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருப்பாரா? இந்த வினாவை, மருத்துவ ஆய்வுலகில் நம் காலத்தில் நிகழ்ந்துவரும் ஒரு மாற்றத்தை முன்வைத்துச் சிந்திக்க விழைகிறேன்.

விரலளவுச் சில்லில் ஒரு நுரையீரல்

2010-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வீஸ் நிறுவனத்தில் டோங்யூன் ஹூ, டொனால்டு இங்பெர் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் ஒரு புதிய கருவியைப் பற்றி 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். கணினியில் செருகும் பென் டிரைவ் அளவே உள்ள, ஒளி ஊடுருவும் சிலிக்கோன் ரப்பர்த் துண்டு அது. அதனுள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள இரண்டு வாய்க்கால்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிப்புள்ள, நுண்துளைகள் நிறைந்த ஒரு சவ்வு. சவ்வின் மேற்புறத்தில் மனித நுரையீரலின் காற்றுப்பை உயிரணுக்கள். கீழ்ப்புறத்தில் இரத்த நுண்குழாயின் உயிரணுக்கள். மேல் வாய்க்காலில் காற்று. கீழ் வாய்க்காலில் இரத்தத்திற்கு ஈடான திரவம். பக்கவாட்டில் உள்ள அறைகளிலிருந்து காற்றை உறிஞ்சி உறிஞ்சி விடும்போது சவ்வு விரிந்து சுருங்குகிறது, நாம் மூச்சு விடும்போது நம் காற்றுப்பைகள் விரிந்து சுருங்குவதுபோலவே.

மேல் வாய்க்காலில் நோய்க் கிருமிகளை விட்டார்கள். கீழே ஓடிக்கொண்டிருந்த வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி, சவ்வின் துளைகளைக் கடந்து மேலேறி, அக்கிருமிகளை விழுங்கின. உயிருள்ள ஒருவரின் மார்பினுள் நிகழ்வதை, எவருடைய மார்பையும் திறக்காமல், நுண்ணோக்கியின் கீழ் நேரே காண முடிந்தது. 2012-இல் இதே குழுவினர், புற்றுநோய் மருந்தொன்று நுரையீரலில் நீர் கோக்கச் செய்வதை இச்சில்லிலேயே நிகழ்த்திக் காட்டினார்கள். சவ்வு விரிந்து சுருங்கும்போது அந்த நீர்க்கசிவு மிகுந்தது. அசைவற்ற கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்கள் இந்த உண்மையை ஒருநாளும் சொல்லியிரா.

இவ்வகைக் கருவிகளை நுண்பாய்மக் கருவிகள் என்பர். வாய்க்கால் மிகவும் குறுகும்போது நீரின் நடத்தையே மாறிவிடுகிறது. சுழலும் கலக்கமும் இன்றி, இரண்டு ஓடைகள் ஒன்றோடொன்று உரசியவாறே கலக்காமல் ஓடுகின்றன. எனவே எந்த உயிரணுவுக்கு எந்த உணவு, எந்த மருந்து, எந்த நொடியில் என்பதை ஆய்வாளர் வரையறுக்கலாம். நுண்ணுயிரிகளையும் இவ்வாறே தனித்தனியே நிறுத்திக் கவனிக்கிறார்கள். 2004-ஆம் ஆண்டில் நாதலி பலபானும் அவருடன் பணிபுரிந்தோரும் பாக்டீரியாக்களைக் குறுகிய வரிகளில் வளர்த்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்தி, பிழைத்தவை எவை என்று பார்த்தனர். மருந்து வருமுன்னரே வளர்ச்சியை நிறுத்தி உறங்கிக் கிடந்த மிகச்சில பாக்டீரியாக்களே பிழைத்தன என்பது தெரியவந்தது. கோடிக்கணக்கானவற்றை ஒன்றாகக் குழம்பாக்கி அளந்த காலத்தில் இந்தச் சிலவற்றை யாரும் கண்டதில்லை. காசநோய்க்கு ஏன் பல மாதங்கள் விடாது மருந்துண்ண வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ளவும் இத்தகைய உறங்கும் கிருமிகளைப் பற்றிய அறிவு உதவுகிறது.

நுரையீரலைத் தொடர்ந்து குடல், கல்லீரல், சிறுநீரகம் எனச் சில்லுகள் பெருகின. படைத்தவரின் இடத்தை மனிதன் பறித்துக்கொள்கிறானோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். சில்லைச் செய்தவர்கள் உயிரணு எதையும் படைக்கவில்லை. ஏற்கெனவே உள்ள உயிரணுவுக்கு அதன் தாயகத்தை ஒத்த ஒரு சிறு வீட்டைக் கட்டித் தந்தார்கள். அது தன் பழைய வேலையைத் தானே தொடங்கிற்று. இதில் வியப்புக்குரியது மனிதனின் கைத்திறனைவிட, அந்த உயிரணுவில் எழுதப்பட்டிருந்த ஒழுங்குதான்.

சுமை தாங்கிய உயிர்கள்

இக்கருவியின் அறநெறி முக்கியத்துவத்தை உணர, மருந்துச் சோதனையின் வரலாற்றைச் சற்றே பார்க்க வேண்டும். 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சல்ஃபா மருந்து ஒன்றை, நச்சுத்தன்மை வாய்ந்த ஒரு திரவத்தில் கரைத்து, சோதனை ஏதுமின்றி விற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர். அந்தத் துயரத்தின் விளைவாக, விற்பனைக்கு முன்னரே மருந்தின் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்னும் சட்டம் 1938-இல் பிறந்தது. மனிதருக்குக் கொடுப்பதற்குமுன் விலங்குக்குக் கொடுத்துப் பார்ப்பது அச்சட்டத்தின் வழியே நிலைபெற்றது. எலியும் முயலும் நாயும் குரங்கும் நம் குழந்தைகளின் சுமையைத் தாங்கின. அன்றைய நிலையில் அது உண்மையான தேவையே. அதை இகழ்ந்து பேசுவோர், அந்தக் குழந்தைகளின் பெற்றோரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆயினும் விலங்கின் உடல் மனித உடலன்று. 2006-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் லண்டனில் நலமான இளைஞர் அறுவருக்கு ஒரு புதிய மருந்து முதன்முறையாகச் செலுத்தப்பட்டது. குரங்குகளுக்குத் தீங்கிழைக்காத அளவில் ஐந்நூறில் ஒரு பங்கே அவர்களுக்குத் தரப்பட்டது. சில மணி நேரத்தில் அறுவரும் உடலுறுப்புகள் செயலிழந்து சாவின் விளிம்பிற்குச் சென்றனர். தீவிர மருத்துவத்தால் உயிர் பிழைத்தனர். குரங்கு உண்மையைச் சொல்லவில்லை. அதன்மேல் குற்றமில்லை, அதனால் சொல்ல இயலாததை நாம் அதனிடம் கேட்டோம்.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான ஓர் ஆய்வில், மனிதருக்கு என்ன செய்யும் என்று முன்பே தெரிந்த 27 மருந்துகள், 870 கல்லீரல் சில்லுகளில் சோதிக்கப்பட்டன. கல்லீரலைக் கெடுக்கும் மருந்துகளில் 87 விழுக்காட்டைச் சில்லுகள் இனங்கண்டன. தீங்கற்ற மருந்து எதையும் தீயதென்று அவை சொல்லவில்லை. சில்லைத் தயாரிக்கும் நிறுவனத்தினரே அந்த ஆய்வை நடத்தினர் என்பதையும் மறவாமல் எண்ண வேண்டும். அதே டிசம்பரில் அமெரிக்க நாடு தன் 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, விலங்குச் சோதனை கட்டாயம் என்னும் நிலையை நீக்கியது. 2023-இல் இந்திய அரசும் புதிய மருந்துகளுக்கான தன் விதிகளைத் திருத்தி, இத்தகைய சில்லுகளுக்கு இடமளித்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சிலவகை மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. சட்டம் தடைக்கல்லை அகற்றிவிட்டது. இனி வினா மனச்சான்றின் வாயிலில் வந்து நிற்கிறது.

இசைவின் எல்லை

உயிர்வேதியியல் பயிலும் ஒரு மாணவி ஒருமுறை என்னிடம், "சாமி, ஆய்வுக்கூடத்தில் எலியைக் கொல்கிறோமே, அது பாவமா?" என்று கேட்டாள். 'பாவமில்லை, அம்மா' என்று ஒரே சொல்லில் விடை தந்து அனுப்பிவிடலாம். திருச்சபையின் போதனையும் அதற்கு இடந்தருகிறது. 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2417-ஆம் எண்ணில், மனித உயிரைக் காக்கவோ பேணவோ உதவுமாயின், நியாயமான எல்லைக்குள் விலங்குகள்மீது செய்யப்படும் மருத்துவ ஆய்வுகள் அறநெறிக்கு ஏற்றவை என்கிறது. ஆனால் அடுத்த எண்ணிலேயே, தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானது என்கிறது. இவ்விரண்டு எண்களையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒன்று தெளிவாகும்: இங்கே தரப்படும் இசைவு தேவையின்மேல் நிற்கிறது. தேவை என்னும் தூணை எடுத்துவிட்டால் இசைவு என்னும் கூரை நிற்காது.

திருவிவிலியமும் இதே வழியில்தான் நம்மை நடத்துகிறது. விலங்குகளை ஆளும் பொறுப்பைத் தொடக்கநூல் மனிதனிடம் ஒப்படைக்கிறது. அதே விவிலியம் ஏழாம் நாள் ஓய்வை மாட்டுக்கும் கழுதைக்கும் உரியதாக்குகிறது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்கிறது. யோனா நூலின் இறுதி வரியில், நினிவே நகர மக்களோடு அங்கிருந்த கால்நடைகளையும் இறைவன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். ஆளுகை என்பது கணக்குக் கேட்கப்படும் பொறுப்பு.

இதிலிருந்து நான் வந்தடையும் முடிவு இதுவே: நேற்றுக் குற்றமற்றிருந்த ஒரு செயல், செயலில் ஏதும் மாறாமலே, இன்று குற்றமாகிவிடக் கூடும். எலி அதே எலிதான். ஊசி அதே ஊசிதான். நோக்கமும் அதே நோக்கந்தான். ஆயினும் பக்கத்து மேசையில் அதே வினாவுக்கு விடைதரும் ஒரு சில்லு இருக்குமானால், 'வேறு வழியில்லை' என்னும் சொல் பொய்யாகிவிடுகிறது. அறநெறிச் சட்டம் மாறியதால் இது நேர்வதில்லை. சட்டம் மாறாதிருப்பதாலேயே நேர்கிறது: தேவையின்றித் துன்புறுத்தாதே என்னும் அதே கட்டளை, புதிய சூழலில் புதிய செயலைக் கேட்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சில்லு ஓர் உறுப்பின் சிறு பகுதிதான், முழு உடலன்று. அதற்கு முதுமை இல்லை, கருவுறுதல் இல்லை, சுரப்பிகளின் நெடுந்தூர உரையாடல் இல்லை. மேலும், சில்லு செய்யும் சிலிக்கோன் ரப்பரே சில மருந்துகளை உறிஞ்சிக்கொண்டு கணக்கைப் பிறழச் செய்வதுண்டு. அவசரப்பட்டு விலங்கை விடுவித்துவிட்டு, அந்த இடத்தில் ஏழை மனிதனை நிறுத்திவிட்டால்? மருந்துச் சோதனைக்குப் பணத்திற்காக உடலைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள் அல்லரே!

இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். எலியைக் காக்க மனிதனைப் பணயம் வைப்பது இரக்கம் அன்று. ஆனால் இம்மறுப்பு எதை நிறுவுகிறது? சில்லு விடைதர இயலாத வினாக்களுக்கு விலங்கின் தேவை இன்னும் நீடிக்கிறது என்பதை மட்டுமே. சில்லு விடைதரக்கூடிய வினாக்களுக்கும் பழைய வழக்கத்தையே தொடரலாம் என்பதை அது நிறுவவில்லை. 1959-ஆம் ஆண்டிலேயே வில்லியம் ரசல், ரெக்ஸ் பர்ச் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர், விலங்குக்கு மாற்றுத் தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், வலியைத் தணித்தல் என மூன்று கடமைகளை ஆய்வாளர்முன் வைத்தனர். தேவை ஒரே நாளில் மறைவதில்லை, படிப்படியாகச் சுருங்குகிறது. இசைவும் அதனோடு படிப்படியாகச் சுருங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 'இந்த வினாவுக்கு, இன்று, உண்மையிலேயே வேறு வழியில்லையா?' என்று புதிதாகக் கேட்க வேண்டும். அந்த மாணவிக்கு நான் தந்த விடையும் இதுதான்: கேட்காமலிருப்பதே முதற்குற்றம்.

உயிரணு யாருடையது?

சில்லைப் புகழ்ந்துவிட்டு இங்கேயே நின்றுவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். விலங்கை விடுவிக்கும் சில்லில் வாழ்வது மனித உயிரணு. அது யாரோ ஒருவரின் உடலிலிருந்து வந்தது.

நம் தமிழ் எழுத்துகளை உயிர், மெய், உயிர்மெய் என்று வகுத்தனர் முன்னோர். மெய் என்றால் உடல். உயிர் கூடும்போதே மெய் இயங்கும். புனித தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, ஆன்மாவே உடலுக்கு உருவந்தரும் உள்ளொழுங்கு என்றும், உடலிலிருந்து வெட்டுண்ட கையைப் பெயரளவில் மட்டுமே கை என்கிறோம் என்றும் கற்பித்தார். சில்லில் விரிந்து சுருங்கும் நுரையீரலையும் அவ்வாறே நோக்கலாம். மூச்சு இருக்கிறது, மூச்சுவிடுபவர் இல்லை. எனவே அது ஒரு மனிதர் அன்று. அதற்கு வலி இல்லை. அதை அப்புறப்படுத்துவது கொலையாகாது. இருப்பினும் அது வெறும் பொருளுமன்று. ஒரு மனிதரிடமிருந்து வந்ததென்னும் உறவு அதைவிட்டு நீங்குவதில்லை. இறந்தோரின் உடலை நாம் தூபமிட்டு வழியனுப்புவதன் பொருளும் இதுவே.

1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண், ஐந்து பிள்ளைகளின் தாய், கருப்பை வாய்ப் புற்றுநோயால் தம் 31-ஆம் வயதில் இறந்தார். மருத்துவத்தின்போது அவருடைய கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட உயிரணுக்கள் ஆய்வுக்கூடத்தில் சாகாமல் பெருகின. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களுக்குப் பரவின. போலியோ தடுப்பூசியைச் சோதிக்க உதவின. அவரை யாரும் கேட்கவில்லை. அவருடைய குடும்பத்தாருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றும் தெரியாது. 2023-இல்தான் ஒரு பெருநிறுவனம் அக்குடும்பத்தோடு வழக்கில் உடன்பாடு கண்டது. நம் பிள்ளைகள் போலியோவினின்று தப்பி ஓடியாடுகிறார்களே, அந்த நன்மையில் கேட்காமல் எடுக்கப்பட்ட ஒரு கொடையும் கலந்திருக்கிறது.

இதனினும் ஆழமான காயமும் உண்டு. ஆய்வுக்கூடங்களில் வழங்கும் உயிரணு வரிசைகளுள் சில, பல பத்தாண்டுகளுக்குமுன் கருக்கலைப்புக்கு உள்ளான சிசுக்களிலிருந்து பெறப்பட்டவை. 2008-இல் வெளியான 'மனிதரின் மாண்பு' பற்றிய திருச்சபை அறிவுரையும், கொரோனா தடுப்பூசிகள் குறித்து 2020 டிசம்பரில் வந்த விளக்கமும் இதைப் பற்றிப் பேசுகின்றன. குறையற்ற மாற்று கைக்கெட்டாதபோது அத்தகைய தடுப்பூசியைப் பெறுவது ஆகும் என்றது திருச்சபை. அதே வேளையில், அவ்விசைவு கருக்கலைப்பை ஏற்பதாகாது என்றும், மருந்து செய்வோர் அறநெறிக்கு ஒத்த மாற்றுகளைத் தர வேண்டும் என்றும் வலியுறுத்தியது. இங்கும் அதே அமைப்பைக் காண்கிறோம். மாற்று இல்லாமை தற்காலிக இசைவைத் தருகிறது. அதனோடு, மாற்றைத் தேடும் நிலையான கடமையையும் தருகிறது. முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவது நம் பலவீனம்.

அந்தக் கடமையை நிறைவேற்றிய ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். ஜப்பானிய மருத்துவர் ஷின்யா யாமனாகா ஒருமுறை நண்பரின் மருத்துவமனையில் மனிதக் கருவை நுண்ணோக்கியில் கண்டபோது, அதற்கும் தம் பெண்மக்களுக்கும் இடையே வேறுபாடு மிகச் சிறிது என்று உணர்ந்ததாகவும், கருக்களை அழிக்காத வழி ஒன்று இருந்தாக வேண்டும் என்று எண்ணியதாகவும் கூறியிருக்கிறார். 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும், வளர்ந்தவரின் தோல் உயிரணுவையே மூல உயிரணுவாக மாற்றும் வழியை அவர் கண்டார். 2012-இல் நோபல் பரிசு பெற்றார். இன்று உறுப்புச் சில்லுகள் பலவற்றில் இவ்வாறு உருவான உயிரணுக்கள், மனமுவந்து தந்தவர்களின் தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ வருகின்றன. 'வேறு வழியில்லை' என்று உலகம் சொன்னபோது, ஒரு மனச்சான்று அதை நம்ப மறுத்தது. அந்த மறுப்பிலிருந்து அறிவியல் பிறந்தது. அறநெறி அறிவியலுக்குத் தடை என்போர் இதை எண்ணிப்பார்க்கட்டும்.

நம் பங்கு

நாம் ஆய்வாளர்கள் அல்லவே, நமக்கென்ன என்று பொதுநிலையினர் கேட்கலாம். மருந்துச் சீட்டோடு கடைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் இவ்வரலாற்றில் பங்குடையவரே. அறுவை மருத்துவத்திற்குமுன் நீட்டப்படும் தாளில் கையொப்பமிடுகையில், அகற்றப்படும் திசு ஆய்வுக்குச் செல்லுமா என்று கேட்கலாம். செல்லுமென்றால், அறிந்து, மனமுவந்து கொடுக்கலாம். கேட்காமல் எடுக்கப்பட்டதற்கும் அன்போடு கொடுக்கப்பட்டதற்கும் உயிரணுவில் வேறுபாடு தெரியாது. கொடுப்பவரின் மாண்பில் தெரியும். அறிவியல் பயிலும் நம் பிள்ளைகளை மதிப்பெண் மட்டும் கேட்காமல், ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறாய், ஏன் செய்கிறாய் என்றும் கேட்கலாம். கத்தோலிக்கக் கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துவோர், மாற்று இருக்குமிடத்தில் மாற்றைப் பயன்படுத்த முதலில் முன்வரலாம். அதற்குச் செலவு கூடுமாயினும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, 'வேறு வழியில்லை' என்று நாம் சொல்லிவரும் நம் சொந்தச் செயல்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம். சில, சொன்ன நாளில் உண்மையாகவே இருந்திருக்கும். வறுமையின் காலத்தில் பிள்ளையை வேலைக்கு அனுப்பிய தாய்க்கு அன்று வேறு வழி இல்லாதிருந்திருக்கலாம். வசதி வந்தபின், தன் வீட்டில் இன்னொரு தாயின் பிள்ளையை வேலைக்கு வைத்துக்கொண்டு அதே சொல்லைச் சொல்வாளாயின் என்ன சொல்வது? இல்லாமையில் கிடைத்த இசைவை இருப்பிலும் வைத்துக்கொள்ள விரும்புவது மனித இயல்பு. புதிய வழியொன்று திறக்கும்போது அதை இறைவன் தரும் வசதியென்று மட்டும் கொள்ளாமல், அவர் கேட்கும் வினாவென்றும் கொள்ளுவோமாக.